பொய் அஞ்சாலை யாருக்குச் சொந்தம்? பவளத்திட்டுச் சிறு விலாங்குகளும் அவற்றின் வகைப்பாடும்

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். பவளத்திட்டில் இரவு முக்குளிப்பில் எடுத்த ஒரு படம். கைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம், பழுப்பு நிறத்தில் ஒரு விலாங்கு. பார்த்தால் அஞ்சாலை (ஆங்கிலத்தில் மோரே ஈல்) என்ற விலாங்கின் குட்டி மாதிரி இருக்கிறது. படத்தின் கீழே ‘பொய் அஞ்சாலை’ என்று எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் குளோப்சிடே குடும்பம் என்கிறார்கள், பழைய புத்தகம் ஒன்று ஸீனோகாங்கிரிடே என்கிறது. ஒரு பட்டியல் அதை அஞ்சாலைகளோடு ஒரே துணைவரிசையில் (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவில்) வைக்கிறது, இன்னொன்று தனியாகப் பிரித்து வைக்கிறது. எது சரி, ஏன் இத்தனை குழப்பம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதில்: அது அஞ்சாலை இல்லை. படத்தில் தெரிகிற மார்புத் துடுப்பை வைத்துச் சொன்னால், பெரும்பாலும் கௌபிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்தது. குடும்பம் குளோப்சிடே. ஸீனோகாங்கிரிடே என்பது அதே குடும்பத்தின் பழைய பெயர். அஞ்சாலைகளுக்கு அது எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. மற்றவை பெயர்ப் பிரச்சினைகள்.

இனி விரிவாகப் பார்ப்போம். விலாங்கு வகைப்பாடு ஏன் இப்படி அலைபாய்கிறது என்பதற்கு என் பார்வையில் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். மீன்களை இனம் பிரிக்க நாம் வழக்கமாகப் பார்க்கும் உறுப்புகளை விலாங்குகள் இழந்துவிட்டன. இன்று உயிரோடு இருக்கும் எந்த விலாங்குக்கும் இடுப்புத் துடுப்பு இல்லை. பலவற்றுக்குச் செதில் இல்லை. சிலவற்றுக்கு மார்புத் துடுப்பும் போய்விட்டது. முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு, அடியில் இருக்கும் குதத் துடுப்பு மூன்றும் ஒரே நீள விளிம்பாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இடுக்கில் நுழைந்து வாழும் உடம்புக்குத் துருத்திக்கொண்டு நிற்கும் எதுவும் சுமைதான். அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விலாங்குக் கிளைகள் தனித்தனியாக ஒரே உறுப்பை இழந்திருக்கின்றன. இரண்டு மீன்களுக்கு ஒரு புதிய உறுப்பு பொதுவாக இருந்தால் சொந்தம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே உறுப்பு இல்லை என்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விலாங்குகளில் வந்த பெரும்பாலான குழப்பங்களைத் தோண்டினால் இந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

அஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். முரேனிடே குடும்பம், 200-க்கு மேற்பட்ட இனங்கள். வளர்ந்த அஞ்சாலைக்கு மார்புத் துடுப்பே கிடையாது, செதில் கிடையாது. செவுள் வெளியே திறக்கும் இடம் ஒரு சின்ன வட்டத் துளை, அவ்வளவுதான். சாதாரண மீனுக்கு உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டின் துளைகள் பொதுவாக இதற்குத் தலையில் மட்டும் இருக்கும், செவுளுக்கு அருகே ஒன்றிரண்டு இருக்கும், உடம்பில் இருக்காது. இப்போது பொய் அஞ்சாலையைப் பாருங்கள். செதில் இல்லை, செவுள் துளை சின்ன வட்டம், பக்கக்கோட்டுத் துளைகள் தலையோடு நின்றுவிடுகின்றன. குளோப்சிஸ் போன்ற சில பேரினங்களுக்கு மார்புத் துடுப்பும் இல்லை. அஞ்சாலைக்குத் தம்பி என்று முடிவுகட்ட இவ்வளவு போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1968-ல் பஹாமாஸ் தீவுகளிலிருந்து ஜேம்ஸ் போல்கேயும் டேவிட் ஸ்மித்தும் விவரித்த ஒரு மீனுக்கு கேட்ஸ்பியா சூடோமுரேனா என்றே பெயர் வைத்தார்கள். பெயரிலேயே ‘போலி முரேனா’ இருக்கிறது. அந்த அளவுக்கு ஒற்றுமை.

ஆனால் மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொன்றும் ‘இல்லை’, ‘குறைந்துவிட்டது’ என்றே முடிகிறது. அஞ்சாலைக்கென்று சொந்தமாக, புதிதாக உருவான உறுப்பு ஒன்று உண்டு. அது தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. 2007-ல் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் கலிபோர்னியாவில் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். அஞ்சாலை இரையைக் கவ்வியதும் தொண்டைத் தாடை முன்னால் பாய்ந்து வந்து அதைப் பற்றி, பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. மற்ற மீன்களில் பெரும்பாலானவை வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். குறுகிய பொந்துக்குள் தலையை வைத்துக்கொண்டு அப்படி உறிஞ்ச வாயை அகலமாக விரிக்க இடமிருக்காது. அந்தச் சிக்கலுக்கு அஞ்சாலை கண்ட தீர்வு இது. நான்காவது செவுள் வளைவு தடித்து, கூர்ப்பற்கள் உள்ள எலும்புகளைத் தாங்குவதால் இது சாத்தியமாகிறது. பொய் அஞ்சாலைக்கு இந்த ஏற்பாடு இல்லை. ‘இருப்பதை’ வைத்துப் பார்த்தால் இரண்டும் அப்போதே பிரிந்துவிடுகின்றன.

வெளியிலிருந்து பார்த்தே பிரிக்க ஒரு நல்ல அடையாளம் மூக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், படம் பார்த்து இனம் காண விரும்புகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும். விலாங்குக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு நாசித்துளைகள். முன்துளை மூஞ்சியின் நுனியில் ஒரு சின்னக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். அது இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்துளையில்தான் விஷயம் இருக்கிறது. அஞ்சாலைக்கு அது தலையின் மேல்பக்கம், கண்ணுக்கு அருகே அல்லது கண்ணுக்கு மேலே இருக்கும். சில இனங்களில் அதுவும் குழாயாக நீண்டு, இரண்டு சின்னக் கொம்புகள் முளைத்தது போலத் தெரியும். பொய் அஞ்சாலைக்கு அது கீழே இறங்கி, மேலுதட்டின் விளிம்புக்கே வந்துவிடும். சில பேரினங்களில் உதட்டைத் தாண்டி வாயின் உள்பக்கமாகத் திறக்கும். முகத்தைப் பக்கவாட்டில் பளிச்சென்று எடுத்த ஒரு படம் இருந்தால், உதட்டு விளிம்பில் ஒரு சிறு மடிப்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட படத்தில் கண்ணுக்கு மேலே எந்தத் துளையும் தெரியவில்லை, செவுள் துளையின் பின்னால் சின்ன விசிறி மாதிரி மார்புத் துடுப்பு விரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது ஒன்றே அஞ்சாலை இல்லை என்று முடிவு செய்யப் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாம்பு விலாங்குகளுக்கும் பின்நாசி உதட்டில்தான் இருக்கும். அவை ஓஃபிக்திடே என்ற வேறு குடும்பம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வால் நுனி துடுப்பில்லாமல் கெட்டியாகக் கூர்ந்திருக்கும், அதை வைத்து மணலுக்குள் பின்பக்கமாகத் துளைத்துக்கொண்டு போகும். ஆகவே நாசியைப் பார்த்த கையோடு வால் நுனியையும் பார்த்துவிடுங்கள். நுனிவரை துடுப்பு விளிம்பு சுற்றி வருகிறதென்றால் பொய் அஞ்சாலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாம்பு விலாங்குக் குடும்பத்திலேயே வாலில் துடுப்புள்ள புழு விலாங்குகள் உண்டு என்பதால், வாலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

சரி, பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். 1810-ல் ரஃபினெஸ்க் சிசிலித் தீவில் இருந்தபோது குளோப்சிஸ் பைகலர் என்ற மீனை விவரித்தார். மேலே கருமை, கீழே வெண்மை. நூறு வருடம் கழித்து, 1912-ல் லண்டன் அருங்காட்சியகத்தின் ரீகன் இந்தியப் பெருங்கடலின் மேற்கிலிருந்து வந்த ஒரு சின்ன விலாங்குக்கு ஸீனோகாங்கர் என்று பேரினம் அமைத்தார். அந்தப் பெயரிலிருந்து ஸீனோகாங்கிரிடே என்ற குடும்பப் பெயர் வந்து, 1950, 60-களின் கட்டுரைகளில் நிலைத்துவிட்டது. குளோப்சிஸும் இதே குடும்பம்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு, முன்னால் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி குளோப்சிடே என்று மாறியது. உங்கள் பழைய புத்தகமும் புதிய தளமும் சொல்வது ஒரே குடும்பத்தைத்தான். இதில் அறிவியல் சண்டை ஏதும் இல்லை. இன்று அந்தக் குடும்பத்தில் எட்டுப் பேரினங்கள் வரை, இருபதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் 30 செ.மீ.க்குள் அடங்கிவிடும் சின்ன மீன்கள்.

இவ்வளவு சிறிய குடும்பத்துக்கு இவ்வளவு தாமதமாகக் கவனம் கிடைத்ததற்கு அவை வாழும் இடம் ஒரு காரணம். பகலில் பவளச் சில்லுகளுக்கு அடியில், பாறையின் ஓட்டைகளுக்குள் இருக்கும். வலையில் சிக்காது, தூண்டிலுக்கும் வராது. ரோட்டினோன் என்ற வேர் நஞ்சைப் பவளத்திட்டின் ஒரு சிறு பகுதியில் கலந்து, ஒளிந்திருக்கும் மீன்களை வெளியே வரவைத்துச் சேகரிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய பிறகுதான் இவை எண்ணிக்கையில் அருங்காட்சியகங்களுக்கு வந்தன. கௌபிக்திஸ் பேரினத்தை 1943-ல் அமைத்தவர் அமெரிக்காவின் லியோனார்ட் ஷுல்ட்ஸ். பசிபிக்கின் பீனிக்ஸ், சமோவா தீவுகளில் 1939-ல் திரட்டிய மீன்களை ஆராய்ந்தபோது கௌபிக்திஸ் டயோடான்டஸை விவரித்தார். 1967-ல் ஜேம்ஸ் போல்கே கரீபியப் பக்கத்திலிருந்து கௌபிக்திஸ் நூகாலிஸை விவரித்தார். பிடரியில் வெளிர் பட்டை ஒன்று கழுத்துப்பட்டி போல ஓடும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

கௌபிக்திஸ் என்ற பெயர் ஜெர்மானிய இயற்கையியலாளர் யோகன் யாகோப் கௌப்பின் நினைவாக வந்தது. 1856-ல் லண்டன் அருங்காட்சியகத்தின் விலாங்குகளுக்கு அட்டவணை தயாரித்தவர் அவர். விலாங்கு வகைப்பாட்டின் இரண்டாவது பெரிய சிக்கலுக்கு அவர் வழியாகவே போகலாம். அது லார்வாப் பிரச்சினை.

விலாங்குகள் எல்லாம் லெப்டோசெபாலஸ் என்ற லார்வாப் பருவத்தைக் கடந்தே வளர்கின்றன. இலை மாதிரித் தட்டை, கண்ணாடி மாதிரித் தெளிவு, மிகச் சின்னத் தலை. தாயோடு எந்தச் சாயலும் இருக்காது. கடலில் மாதக்கணக்கில் மிதந்து, பிறகு உருமாறி, உடம்பு சுருங்கிக் குட்டி விலாங்காகும். இதை அறியாத காலத்தில் லெப்டோசெபாலஸ் என்பதே தனி மீன் இனக்கூட்டம் என்று நினைத்துப் பெயர்மேல் பெயர் வைத்தார்கள். கௌப் தன் பங்குக்கு 1856-ல் லெப்டோசெபாலஸ் ப்ரெவிராஸ்ட்ரிஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து இத்தாலியில் கிராஸ்ஸியும் கலாந்துருச்சியோவும் அதைத் தொட்டியில் வளர்த்து, அது ஐரோப்பிய நன்னீர் விலாங்காக மாறுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். அதற்கு முன்பே, 1886-ல், பிரான்ஸின் ராஸ்காஃப் ஆய்வகத்தில் டெலாஜ் இன்னொரு லெப்டோசெபாலஸ் காங்கர் என்ற கடல் விலாங்காக மாறியதைப் பார்த்திருந்தார்.

பொய் அஞ்சாலைகளுக்கும் இதே கதை உண்டு. கௌபிக்திஸ் ஹயோப்ரோராய்டஸ் என்று இன்று நாம் சொல்லும் இனத்தின் பெயர் 1896-ல் ஸ்ட்ரோமன் ஒரு லார்வாவுக்கு வைத்தது. வளர்ந்த மீனை யாரென்று தெரிந்துகொள்ளும் முன்பே குழந்தைக்குப் பெயர் பதிவாகிவிட்டது. பிறகு இரண்டையும் பொருத்த வேண்டியிருந்தது. எப்படிப் பொருத்துவது? லார்வாவின் உடம்பில் வரிசையாகத் தெரியும் தசைத் துண்டுகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை வளர்ந்த மீனின் முள்ளெலும்பு எண்ணிக்கையோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். உருமாற்றத்தில் எல்லாம் மாறினாலும் அந்த எண் மாறாது. இதனால்தான் விலாங்கு ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்து முள்ளெலும்புகளை எண்ணுவதில் இவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் வரை எத்தனை, மலத்துளை வரை எத்தனை, மொத்தம் எத்தனை என்று மூன்று எண்கள். பிலடெல்பியாவில் யூஜீனியா போல்கே பழைய மாதிரிகளை எல்லாம் எடுத்து இப்படி எண்ணித் தொகுத்தது, அஞ்சாலை ஆய்வு செய்யும் எவருக்கும் இன்றுவரை கைகொடுக்கிறது. இந்த மாதிரி வேலைக்குப் புகழ் கிடைப்பதில்லை. ஆனால் இது இல்லாமல் ஒரு பழுப்பு விலாங்கையும் இன்னொரு பழுப்பு விலாங்கையும் பிரிக்க வழியில்லை.

லார்வா தவறான வீட்டில் பதிவாகிக் கிடந்ததற்குச் சமீபத்திய உதாரணம் தலசென்கெலிஸ். 1975-ல் காஸ்ல், ராஜு இருவரும் பசிபிக்கின் பெரிய இலை வடிவ லார்வாக்களை வைத்து அமைத்த பேரினம் அது. வளர்ந்த மீன் எது என்று தெரியாமலே பல பட்டியல்களில் பொய் அஞ்சாலைக் குடும்பத்தில் ஒட்டவைத்திருந்தார்கள். 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, அந்த லார்வாக்களில் ஒரு வகை காங்கர் குடும்பத்தைச் சேர்ந்த காங்கிரிஸ்கஸ் மெகாஸ்டோமஸ் என்று காட்டினார்கள். அந்த மீனை குந்தர் 1877-லேயே விவரித்துவிட்டார். நீங்கள் பார்க்கும் பட்டியல் சற்றுப் பழையதாக இருந்தால் குளோப்சிடேயின் கீழ் தலசென்கெலிஸ் இன்னும் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

லார்வாவோடு இது முடிவதில்லை. நூடுல்ஸ் விலாங்கு என்று சொல்லும் மொரிங்குவா பேரினத்தில், வளராத மீன் மணலுக்குள் தலையை முன்னால் நுழைத்துப் புகுந்து வாழும். கண் புள்ளி அளவு, நிறம் மஞ்சள் பழுப்பு. இனப்பெருக்கப் பருவம் வந்ததும் கண் பெரிதாகி, துடுப்புகள் வளர்ந்து, முதுகு கறுத்து வயிறு வெள்ளியாகி, மணலைவிட்டு வெளியே நீந்தப் புறப்பட்டுவிடும். ஆணும் பெண்ணும் வேறு வேறு தோற்றம். முந்தைய ஆய்வாளர்கள் இவற்றைத் தனித்தனி இனங்களாகப் பெயரிட்டதில் வியப்பில்லை. வெப்பமண்டலத் திட்டுகளில் சாதாரணமாக இருக்கும் மீன்தான், யார் கண்ணிலும் படாது.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. பொய் அஞ்சாலை, அஞ்சாலைக்குச் சொந்தமா? நெல்சனின் மீன் வகைப்பாட்டு நூல் துறையில் எல்லோரும் புரட்டும் ஒன்று. அதன் 2006 பதிப்பில் குளோப்சிடே, முரேனிடே, மைரோகாங்கிரிடே மூன்றும் அஞ்சாலைத் துணைவரிசையில் சேர்ந்திருந்தன. 2016 பதிப்பில் குளோப்சிடேயைத் தூக்கித் தனித் துணைவரிசையாக வைத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த இரண்டு பட்டியல்களின் முரண்பாடு இந்த இரண்டு பதிப்புகளுக்கு இடையே நடந்த மாற்றம்தான். இடையில் நடந்தது மரபணு ஆய்வு. உடலமைப்பை வைத்துச் சேர்த்தபோது குறைந்துபோன பக்கக்கோடும் சிறுத்துப்போன செவுள் துளையும் சாட்சி சொன்னன. டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்தபோது அந்தச் சாட்சியத்துக்கு வலு கிடைக்கவில்லை. தனியாக வைப்பதே இன்றைய நிலையில் நேர்மையான முடிவு என்று நினைக்கிறேன். உறவு தெரியாத ஒன்றைப் பழக்கத்துக்காக ஒரு வீட்டில் தங்கவைப்பதைவிட, வெளியே நிறுத்தி ‘இதைப் பார்க்க வேண்டும்’ என்று குறித்துவைப்பது மேல்.

டி.என்.ஏ. இந்த வரிசையில் இதைவிடப் பெரிய அதிர்ச்சிகளையும் தந்திருக்கிறது. 2010-ல் இனோவே குழுவினர் பல குடும்பங்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை ஒப்பிட்டார்கள். ஆற்றில் வாழும் நம் விலாங்குக்கு நெருங்கிய சொந்தம் ஆழ்கடலின் நடுநீரில் மிதக்கும் விலாங்குகள் என்று வந்தது. வெளித்தோற்றத்தை வைத்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. அஞ்சாலைகளுக்குள்ளேயும் ஒழுங்கு குலைந்துதான் இருக்கிறது. குடும்பத்தில் இரண்டு துணைக்குடும்பங்கள் உண்டு. ஒன்றில் முதுகுத் துடுப்பு நீளமாக ஓடும், மற்றதில் வால் நுனியில் மட்டும் எட்டிப் பார்க்கும். இந்தப் பிரிவு மரபணுவிலும் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் பாதிக்கு மேல் இனங்களைத் தன்னுள் வைத்திருக்கும் ஜிம்னோதோராக்ஸ் பேரினம் ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம் இல்லை, பல கிளைகள் ஒரு பெயரின் கீழ் கிடக்கின்றன. என்றாவது அதைப் பிரிப்பார்கள், அப்போது பல பெயர்கள் மாறும்.

வால் நுனியில் மட்டும் துடுப்பு உள்ள அந்தத் துணைக்குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டுகளின் மிகச் சிறிய அஞ்சாலைகள் அங்கேதான் இருக்கின்றன. அனார்க்கியாஸ் லூக்யூரஸ் சுமார் 11.5 செ.மீ.தான் வளரும். அதே முரேனிடே குடும்பத்தின் மறுமுனையில் ஏறக்குறைய 4 மீட்டர் நீளும் ஸ்ட்ரோஃபிடான் இருக்கிறது. படத்தில் ஒரு சாண் விலாங்கைப் பார்த்ததும் ‘குட்டி’ என்று எழுதிவிடுகிறோம். அது முழுதாய் வளர்ந்து முட்டையிட்ட மீனாகவும் இருக்கலாம்.

சின்ன விலாங்குகளின் வகைப்பாட்டில் என்னை அதிகம் நெகிழவைப்பது பலாவ் தீவுகளில் நடந்தது. 2009 மார்ச்சில் பசிபிக்கின் பலாவ் நாட்டில், கரையோரப் பவளத்திட்டில் 35 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு குகைக்குள் ஜிரோ சகாவே என்ற முக்குளிப்பு ஆய்வாளர் ஒரு சின்ன விலாங்கைக் கண்டார். 20 செ.மீ.கூட இல்லை. விலாங்குக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய தலை, குட்டையான உடம்பு, செவுள் துளையைச் சுற்றிக் காலர் போல ஒரு வளையம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சனும் ஜப்பானிய சகாக்களும் அதை ஆராய்ந்தார்கள். மற்ற விலாங்குகளில் மேல்தாடையின் முன் எலும்பு மண்டையோட்டின் முன்பகுதியோடு ஒட்டி மறைந்துவிட்டது. இதில் அது தனியாகவே இருந்தது. செவுள் வளைவுகளில் பல்லோடு கூடிய முட்கள் இருந்தன. முள்ளெலும்புகள் 90-க்கும் குறைவு. இன்றைய விலாங்குகள் எல்லாம் இழந்துவிட்ட சில விஷயங்களை இது இழக்காமல் வைத்திருந்தது. புரோட்டாங்குயில்லா பலாவ் என்று பெயரிட்டு, அதற்கென்று ஒரு புதிய குடும்பத்தையே அமைத்தார்கள். மரபணுவை வைத்து, மற்ற விலாங்குகளிலிருந்து சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளை என்று மதிப்பிட்டார்கள்.

20 கோடி ஆண்டு என்பது எவ்வளவு என்று பார்க்க லெபனானின் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்கலாம். அங்கே கிடைத்த அங்குயில்லாவஸ் என்ற புதைபடிவ விலாங்குக்குச் சுமார் 9.5 கோடி வயது. அதற்கு இடுப்புத் துடுப்பு இருந்தது. அந்தக் கல்லைவிடப் பழைய கிளையின் வாரிசு ஒரு குகையில் இன்றும் நீந்திக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த மதிப்பீட்டின் பொருள். பிற ஆய்வுகள் சில புரோட்டாங்குயில்லாவை ஆழ்கடல் சினாஃபோபிராங்கிடே விலாங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன. 2015-ல் ஸ்பிரிங்கரும் ஜான்சனும் செவுள் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உடலமைப்பில் இதுவே மிகப் பழமையானது என்ற கருத்தில் உறுதியாக நின்றார்கள். இங்கே வாதம் ‘எது இருக்கிறது’ என்பதைப் பற்றி நடப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த மீனுக்கு இவ்வளவு மதிப்பு.

உங்கள் பொய் அஞ்சாலைக்கே திரும்பினால், அதற்கும் சொந்தமான ஓர் ஆச்சரியம் கிடைத்திருக்கிறது. 2011-ல் கரீபியனின் லிட்டில் கேமன் தீவில் டேவிட் க்ரூபரும் குழுவினரும் நீல ஒளி பாய்ச்சி, ஒளிரும் பவளங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தில் பிரகாசமான பச்சை விலாங்கு ஒன்று பதிவாகியிருந்தது. தேடிப் பிடித்தபோது அது கௌபிக்திஸ். உடம்பு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. அதன் தசையிலிருந்த புரதத்தைப் பிரித்து 2015-ல் எழுதினார்கள். அது கொழுப்பு அமிலங்களைப் பற்றிக்கொள்ளும் புரதக் குடும்பத்திலிருந்து மாறி வந்தது. பிலிருபினோடு சேர்ந்தால்தான் ஒளிரும். நமக்கு மஞ்சள் காமாலை வந்தால் இரத்தத்தில் கூடும் அதே பிலிருபின்தான். இதற்கு இரண்டு வருடம் முன்பே ஜப்பானில் நன்னீர் விலாங்கின் தசையிலிருந்து இதே முறையில் ஒளிரும் புரதத்தை எடுத்திருந்தார்கள். ஆற்று விலாங்கிலும் பவளத்திட்டுப் பொய் அஞ்சாலையிலும் ஒரே மூலத்திலிருந்து வந்த புரதம். பளிச்சென்ற நிறமே இல்லாத பழுப்பு மீன் என்று நாம் கடந்துபோகும் ஒன்றுக்குள் இது இருந்திருக்கிறது.

நம் கடற்கரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழுப்பு நிறத்தில் எந்த வரியும் கோலமும் பெரிதாக இல்லாத சின்ன அஞ்சாலைகள் என்று ஒரு கூட்டமே உண்டு, பிரிக்கக் கடினமானவை. 2023-ல் கடலூர் பக்கம் முடசல்ஓடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த மாதிரிகளை வைத்து ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ் என்ற புதிய இனத்தை தேசிய மீன் மரபணு வள அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அளந்த மீன்கள் 27 முதல் 49 செ.மீ. வரை. தலையிலும் உடம்பிலும் வரிசை வரிசையாகச் சின்னக் கரும்புள்ளிகள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இழுவை மடியில் வரும் கழிசலைக் கூடையில் கொட்டும்போது யாரும் இப்படி உற்றுப் பார்ப்பதில்லை. இறங்குதளத்தில் உட்கார்ந்து கழிசலைப் பிரித்துப் பார்க்கும் மாணவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்பது என் ஆசை. மன்னார் வளைகுடாவின் திட்டுகளிலும் பவளச் சில்லுகளுக்கு அடியில் ஒளியும் மீன்களைக் குறிவைத்துத் தேடினால் பலன் இருக்கும் என்றே நம்புகிறேன்.

கடைசியாக, உங்கள் படத்துக்கு என்ன பெயர் எழுதுவது? இனப் பெயர் வரை போக வேண்டாம். கௌபிக்திஸ் இனங்களைப் பிரிக்க முள்ளெலும்பு எண்ணிக்கை, மேல்வாய்க் கூரையில் பற்கள் அமைந்திருக்கும் விதம், மார்புத் துடுப்பின் நீளம், தலையின் துளைகள் எல்லாம் வேண்டும், ஒரு படத்தில் அவை கிடைக்காது. ‘கௌபிக்திஸ், குளோப்சிடே குடும்பம், இனம் உறுதியில்லை’ என்று எழுதி, கூடவே எடுத்த இடம், ஆழம், இரவா பகலா என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது படமெடுத்தால் முகத்தைப் பக்கவாட்டில் ஒன்று, மார்புத் துடுப்பு தெரிய ஒன்று, வால் நுனி ஒன்று என்று மூன்று படங்கள் கேளுங்கள். முதுகுத் துடுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிகிற மாதிரி முழு உடம்பும் ஒரு படத்தில் வந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்காகச் சில்லுகளைப் புரட்டி மீனை வெளியே இழுக்கச் சொல்லாதீர்கள்.